குறட்டை நின்றால் அமுக்கவும்

"இந்த நேரத்துல நீங்க நல்லா தூங்கிட்டு இருக்கீங்கண்ணா. துடிப்பைப் பாத்தாலே தெரியுது. அப்போ பட்டனை அமுக்கினது யாரு?"

மெர்சி சிஸ்டர் கம்ப்யூட்டர் திரையைப் பேச்சிராஜின் பக்கம் திருப்பினார். மேடும் பள்ளமுமாக ஒரு கோடு பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. தன் நெஞ்சுக்குள் இப்படி ஓர் ஒழுக்கமான ஆள் வேலை பார்ப்பது பேச்சிராஜுக்கே புதுச் செய்தி. கம்பெனியில் அவனை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"நான் அமுக்கல சிஸ்டர்."

"அப்போ பேய் பிசாசா? இதோ பாருங்க, இதுவும் தூக்கம். இதுவும் தூக்கம். எல்லாம் காலைல, தெருவுக்குத் தண்ணி லாரி வர்ற நேரமாப் பாத்து அமுக்கியிருக்கு. கோயில்ல மயங்கி விழுந்தீங்களே, அதைத்தான் காணோம்."

"அதைக் காட்டத்தான சிஸ்டர் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்!"

"புதுசு வந்தா பழசு அழிஞ்சிரும்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

சொல்லியிருந்தார்தான்.

பேச்சிராஜ் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, ஹெல்ப்பராக இருந்து, லைசென்ஸ் எடுத்து, அந்த மஞ்சள் வண்டியில் ஏறி உட்கார்ந்தவன். ஒருநாள் மதியம் வண்டி மேலேயே அவனுக்குக் கண் இருட்டியது. விழித்தபோது அவனைச் சுற்றி ஆட்களும், ஆட்களைச் சுற்றி பம்பர்களும் கிடந்தன. யாருக்கும் அடி இல்லை. ஆனால் ஏன் மயங்கினான் என்று தெரிகிறவரை வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லி, நைட் ஷிஃப்டில் ஸ்டோரில் பேலட், அதாவது சரக்கு அடுக்கிய மரத்தட்டு, எண்ணும் வேலைக்குப் போட்டுவிட்டார்கள். அவன் எண்ணி முடித்ததும் அவன் வண்டியை ஓட்டும் வேறொருவன் வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவான். இவன் மறுபடி எண்ண வேண்டும்.

எடுத்த சோதனைகளில் எதுவும் அகப்படவில்லை. கடைசியில் இடது நெஞ்சில் தோலுக்கு அடியில், பேனா மூடியில் பாதி அளவுக்கு ஒரு கருவியை வைத்துத் தைத்தார்கள். கூடவே கார் சாவி போல ஒரு ரிமோட்டும் கொடுத்தார்கள். இவன் மயங்கி விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் அதை அமுக்க வேண்டும். அதற்குச் சற்று முன்பிருந்து இதயம் என்ன செய்தது என்பதைக் கருவி பத்திரப்படுத்திக்கொள்ளும். நாலைந்து பதிவுக்குத்தான் அதில் இடம். புதிது ஏறினால் பழையது இறங்கிவிடும்.

இதையெல்லாம் அன்றைக்கு அவனைவிடக் கவனமாகக் கேட்டவள் அவன் மனைவி தங்கமாரி.

"இந்த மிசினு எல்லாத்தையும் காட்டிக் குடுத்துருமா சிஸ்டர்?"

"எல்லாத்தையும் காட்டும்க்கா. ஒரு துடிப்பு தப்பாது."

"நெஞ்சு மேல வச்சுத்தான் அமுக்கணுமா?"

"வேணாம்க்கா, பக்கத்துல இருந்தா போதும். இங்க கம்ப்யூட்டர்ல வந்துரும், டாக்டர் பாத்துருவாரு."

தங்கமாரி ரிமோட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆடிக் கிருத்திகை அன்று வல்லக்கோட்டை முருகன் கோயில் வரிசையில் அவன் சரிந்தபோது, கூட்டம் "தண்ணி, தண்ணி" என்று கத்திக்கொண்டிருக்க, அவள் ஒருத்திதான் பதறாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்து ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். அந்த அருமையான மயக்கம்தான் இப்போது இல்லாமல் போயிருந்தது.

உள்ளே போய்விட்டு வந்த மெர்சி சிஸ்டர் சொன்னார்: "இன்னொரு தடவை மயங்கிட்டு வரச் சொல்றாருண்ணா டாக்டர்."

உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி என்பதால் தங்கமாரி வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். அவனைக் கண்டதும் ஓடி வந்தாள். ஓடி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது.

"என்ன சொன்னாவ?"

"என்னத்தச் சொல்ல? ஹார்ட் நார்மலாம்."

"எல்லாமுமா?"

"எல்லாம். வீட்டுல வச்சு அமுக்குனது பூராவும் நார்மல். ஒண்ணுலயும் ஒரு கோளாறும் இல்லையாம்."

தங்கமாரியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கையெடுத்து வல்லக்கோட்டை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். போகிற வழியில் மல்லிகைப்பூ வேறு வாங்கி வைத்துக்கொண்டாள். பேச்சிராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே ஃபோர்க்லிஃப்ட் கையைவிட்டுப் போகிறது, இவள் பூ வைக்கிறாள்.

மறுநாளே விசாரணையைத் தொடங்கினான். அவர்கள் குடியிருந்தது ஒரு மாடி அறை. விடிந்து அவன் வந்து படுத்தால் பகல் முழுக்கத் தூங்குவான். அவன் தலைமாட்டில் ரிமோட் இருக்கும். அந்த நேரத்தில் மேலே வருகிற ஒரே வெளியாள் வீட்டுக்காரம்மா சந்திரம்மாள்தான்.

"நீங்க அமுக்குனியளா?"

"இன்னாபா, போலீஸ் மாதிரி கேக்கற? ஒரு வாட்டி அமுக்கினேன். இல்லன்னா சொன்னேன்? எங்க வூட்டு டிவி ரிப்பேரு. சீரியல் பாக்கலாமுன்னு மேல வந்தேன். நீ செத்த பொணம் மாதிரி தூங்கினு இருந்த. ரிமோட்டுன்னு எடுத்து அமுக்கினா சேனலே மாறல."

"அது என் நெஞ்சு ரிமோட்டும்மா!"

"அத்த நெஞ்சு மேல எயுதி வெக்கணும். நான் மட்டுமா, மாரியும்தான்…"

தங்கமாரி அவசரமாக முந்திக்கொண்டாள். "நானும் ரெண்டு மூணு வாட்டி அமுக்கிட்டேங்க. வையாதிய. ஒங்க குறட்டை நின்னுபோச்சு. அதான் பயந்துட்டேன்."

பேச்சிராஜின் குறட்டை அந்தத் தெருவில் பிரசித்தம். கீழ்வீட்டுக்காரர்கள் மிக்ஸி ஓடுகிறதா என்று கேட்டதுண்டு. அவன் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"ஏளா, குறட்டை நின்னா மனுசன் திரும்பிப் படுத்திருக்கான்னு அர்த்தம். செத்துட்டான்னு அர்த்தமா?"

சந்திரம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். தங்கமாரியும் சிரித்தாள். ஆனால் ரிமோட் இனி வீட்டில் இருக்கப்போவதில்லை என்று அவன் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினாள்.

"வீட்டுலயே கெடக்கட்டுமே. நான் சும்மா தொட மாட்டேன்."

"தூங்குற மனுசனுக்கு எதுக்கு ரிமோட்டு? ரோட்டுல விழுந்தாத்தான் வேணும்."

அவனை வேலைக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருகிற ஷேர் ஆட்டோ டில்லிபாபுவுடையது. பேச்சிராஜ் ரிமோட்டை அவனிடம் ஒப்படைத்தான்.

"நான் மயங்குனா மட்டும் அமுக்கணும். தெரியுதா?"

"தெரிது தலைவா. ஆனா நீ ஏறினதும் தூங்கிடுவியே. தூக்கம் எது, மயக்கம் எதுன்னு நான் எப்டி கண்டுபுடிக்கறது?"

யோசித்தால் நியாயமான கேள்விதான். பேச்சிராஜ் மனைவி தந்த சூத்திரத்தையே எடுத்து நீட்டினான். "குறட்டை விட்டா தூக்கம். குறட்டை நின்னா அமுக்கு."

டில்லிபாபு கண்ணாடிக்குப் பக்கத்தில் ரிமோட்டைத் தொங்கவிட்டு, கீழே ஒரு ஸ்டிக்கரும் ஒட்டினான்: குறட்டை நின்றால் அமுக்கவும்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடம் வருகிற அத்தனை பயணிகளும் அதைப் படித்தார்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் குறட்டை ஒரு கணம் அறுந்துபோகும். உடனே பின்சீட்டிலிருந்து, "அமுக்குங்க, அமுக்குங்க!" என்று குரல் வரும். முன்னால் இருக்கிற யாராவது எட்டி அமுக்குவார்கள். ஒருவர் ஆர்வம் தாங்காமல் இரண்டு முறை அமுக்கினார். இறங்கும்போது, "பொழைச்சுட்டாரா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் மெர்சி சிஸ்டரே போனில் கூப்பிட்டார். "அண்ணா, உங்களுக்கு எங்க மேல ஏதாவது கோபமா?"

அவன் போய்ப் பார்த்தான். ஆட்டோவில் குலுங்கும் தூக்கங்கள் வரிசையாக இருந்தன. நடுவே, ஆட்டோவே இல்லாத நேரத்திலும், அதே காலைப் பொழுதில் ஒன்றிரண்டு.

"பகல்ல ரிமோட் உங்கிட்டதான இருக்கு?" என்று டில்லிபாபுவைப் பிடித்தான்.

"எங்கிட்டதான்ணா. எப்பனாச்சும் அக்கா ஸ்டாண்டுக்கு வந்து கேப்பாங்க. குடுப்பேன். சாயங்காலம் திருப்பிக் குடுத்துடுவாங்க."

"குறட்டைக்குப் பயந்து இவ்ளோ தூரம் நடந்து வாறாளா?"

"பொண்டாட்டின்னா அப்டி இருக்கணும்ணா. என்னுது நான் குறட்டை விட்டா தலகாணியால அடிக்குது."

பேச்சிராஜுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையில் அவளைத் திட்ட மறந்துபோனான். கேட்கவும் மறந்துபோனான்.

"டாக்டர் என்ன சொன்னாவ?" என்று அன்றும் கேட்டாள் தங்கமாரி.

"நார்மல்தான். எத்தன வாட்டி சொல்ல?"

"காலையில அமுக்குனதுமா?"

"காலையில, சாயங்காலம், வேகத்தடை, எல்லாம் நார்மல். குதிரை மாதிரி ஓடுதாம்."

அவள் நிம்மதியாகக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். திரும்பி வரும்போது படியின் நடுவே குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் மேலே பாயை விரித்தபடியே கேட்டான்.

"என்னளா, பஸ்ஸுக்கா நிக்க?"

"வாயு பிடிச்சிருக்கு. இந்தா வாறேன்."

அவன் படுத்துத் தூங்கிவிட்டான்.

மறுபடி மயங்கினால்தான் வழி பிறக்கும் என்று ஆகிவிட்டது. மயக்கமோ சூப்பர்வைசர் மாதிரி. வேண்டாதபோது வந்து நிற்கும், தேடினால் ஆளே அகப்படாது. பேச்சிராஜ் தானாகவே மயங்கிப் பார்ப்பது என்று தீர்மானித்தான். அந்த வாரம் அவனுக்குப் பகல் ஷிஃப்ட். சேஃப்டி ஷூவும் ஹெல்மெட்டுமாக, தண்ணீர் குடிக்காமல், யார்டில் உச்சிவெயிலில் போய் நின்றான். வியர்த்தது. எரிச்சல் வந்தது. பசித்தது. மயக்கம் மட்டும் வரவில்லை. நின்று நின்று சலித்துப்போய், சும்மா நிற்பானேன் என்று கண்டெய்னர்களையும் எண்ணினான்.

சூப்பர்வைசர் வனமாமலை நாங்குநேரிக்காரர். ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மாதச் சிறந்த தொழிலாளி என்று பேச்சிராஜின் படம் நோட்டீஸ் போர்டில் ஏறியது.

"ஒடம்பு சரியில்லாத நெலமையிலயும் வெயில்ல நின்னு கணக்கு எடுக்காம்ல. இவனைப் பாத்துப் படிங்கல" என்று எல்லாரையும் நிற்கவைத்துப் பேசினார். பேலட் எண்ணுவதில் இவனை மிஞ்ச ஆள் இல்லை, இவனை அந்த வேலையிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று மேலே எழுதப்போவதாகவும் சொன்னார்.

பேச்சிராஜ் முடிவு செய்தான். இனி ஒரு பதிவுகூட வீணாகக் கூடாது. அன்று மாலையே டில்லிபாபுவிடமிருந்து ரிமோட்டை வாங்கி, அரைஞாண் கயிற்றில் கோத்து, மூன்று முடிச்சுப் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"இதென்ன கோலம்?" என்றாள் தங்கமாரி.

"தாயத்து. இனி எவன் அமுக்குதான்னு பாப்போம்."

"குளிக்கும்போதாவது அவுத்து வைப்பியளா?"

"தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சிஸ்டர் சொல்லிட்டாவ."

அன்று முதல் காலைப் பொழுதின் திருட்டுப் பதிவுகள் நின்றன. திருடனைப் பிடிக்காமலே திருட்டை நிறுத்திவிட்டதாக அவன் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தான்.

மயக்கம் கேன்டீன் வரிசையில் வந்தது. தட்டோடு நின்றவன் தட்டோடு சரிந்தான். ரிமோட் இடுப்பில் இருக்கிறது என்பது வனமாமலைக்குத் தெரியும். எந்தப் பக்கம் என்பது தெரியாது. "பொம்பளப் பிள்ளைங்கல்லாம் அந்தப் பக்கம் திரும்புங்கம்மா!" என்று கத்திக்கொண்டே சட்டையை உருவினார். முடிச்சு அவிழவில்லை. கடைசியில் குனிந்து, இவன் வயிற்றோடு சேர்த்து அழுத்தினார். கேன்டீனே கை தட்டியது.

இந்த முறை எதுவும் அழியவில்லை. மெர்சி சிஸ்டர் திரையைப் பார்த்துச் சிரித்தார். டாக்டரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மயங்கிய நேரத்திலும் இதயம் நிற்கவில்லை, தடுமாறவும் இல்லை. வெறும் வயிறு, குடிக்காத தண்ணீர், ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பது, அதனால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுகிறது. வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் குடி, கண்ணைக் கட்டினால் உடனே உட்கார்ந்துவிடு என்றார்கள். ஃபோர்க்லிஃப்ட் உட்கார்ந்து ஓட்டுகிற வண்டிதானே என்றான் இவன். பகல் ஷிஃப்டில் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு ஓட்டலாம் என்று சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டார்கள். கருவி மட்டும் இன்னும் சில மாதம் இருக்கட்டும் என்றார்கள்.

மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தங்கமாரி பாதியைச் சந்திரம்மாளுக்குக் கொடுத்துவிட்டு வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்போ இனி ஒங்களுக்கு பயம் இல்லல்ல?"

"ஒரு பயமும் இல்ல. எல்லாம் நார்மல்."

"எல்லாம்னா, இப்ப அமுக்குனது மட்டுந்தான? இந்த மாசம் வேற யாரும் அமுக்கலியே."

"வேற என்னத்த அமுக்க? அதான் கட்டிப் போட்டுட்டேனே."

அவள் விரலால் மைசூர்பாகின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "அத எங்கிட்ட குடுங்களேன். ஒருக்க அமுக்கிட்டுத் தந்துருதேன்."

"எதுக்குளா? நான்தான் முன்னால குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்ல. குறட்டையா விடுதேன்?"

"சும்மாதான். மனசுக்கு ஒரு நிம்மதி."

"வெளையாட்டுச் சாமானாளா இது? மிச்சம் இருக்க பதிவும் அழிஞ்சா மறுபடியும் என்னைய பேலட் எண்ண விட்டுருவானுவ. போ, போய் எனக்குக் காப்பி போடு."

அவள் சிரித்துக்கொண்டேதான் எழுந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அதை அவன் பார்த்தான். பிற்பாடு மனதுக்குள் எத்தனையோ முறை பார்த்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் லாரி வந்துவிட்டுப் போன சிறிது நேரத்தில், கீழே சந்திரம்மாளின் அலறல் கேட்டது. பேச்சிராஜ் உடனே எழவில்லை. விடுமுறைத் தூக்கம். குடம் படிகளில் ஒவ்வொன்றாக உருண்டு இறங்கும் சத்தத்தைக் கனவில் கேட்டதாக நினைத்திருந்தான். அவன் ஓடிப் போனபோது தங்கமாரி நடுப்படியில், வழக்கமாக நின்று மூச்சு வாங்கும் இடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தாள். டில்லிபாபுவின் ஆட்டோவில்தான் கொண்டு போனார்கள். ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

இதயம் என்றார்கள். பல மாதமாகவே இருந்திருக்கும் என்றார்கள்.

"படபடப்பு, மூச்சு வாங்கறது, ஏதாவது சொல்லியிருப்பாங்களே? எங்கயுமே காட்டலையா?" என்று கேட்டார் அந்த டாக்டர்.

"இல்ல சார். அவ ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா கூட்டிட்டு வந்திருப்பேன்ல."

அதை அவன் அடித்துச் சொன்னான். அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் ஊருக்குப் போய்க் காரியங்களை முடித்தான். திரும்பி வந்து மஞ்சள் வண்டியில் ஏறியதும் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான். வேளைக்குச் சாப்பிட்டான். தண்ணீர் குடித்தான். ஒருமுறைகூட மயங்கவில்லை.

கருவியை எடுத்துவிடலாம், ரிமோட்டைக் கொண்டு வந்துவிடுங்கள் என்று மெர்சி சிஸ்டர் போன் செய்தார். அன்று மாலை அவன் படியில் உட்கார்ந்து, இறுகிப்போன முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சந்திரம்மாள் காப்பி டம்ளரோடு மேலே ஏறி வந்தாள். இப்போதெல்லாம் அவள் கேலி பேசுவதில்லை.

"இன்னாத்துக்குபா அத்த அவுக்கற?"

"ஆஸ்பத்திரில திருப்பிக் குடுக்கணுமாம்மா. எனக்குத்தான் ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே."

பிளேடால் கயிற்றை அறுத்து ரிமோட்டை எடுத்தான். சந்திரம்மாள் அதைக் கையில் வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பாவம், கொடத்த வெச்சிட்டு நெஞ்சப் புடிச்சிகினு வந்து, உன் பக்கத்துல குந்திகினு இத்த அமுக்கும். ஆஸ்பத்திரிக்குப் போயேன் மாரின்னு நானும் எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன். 'நான் எதுக்கும்மா போணும், அவரு போறப்பல்லாம் டாக்டரு என்னுதையும் பாத்து எல்லாம் நார்மல்னு சொல்லி அனுப்புதாவளே'ன்னு சிரிக்கும்."